சனிக்கிழமைக் கடிதம்

ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் ஒன்பது வருடமாகக் கதைக்காமல் இருப்பது பெரிய அதிசயம் ஒன்றும் அல்ல. கொட்டாஞ்சேனையில் மட்டும் அப்படி எத்தனை வீடு இருக்கும் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனால் அப்படிக் கதைக்காமல் இருக்கிற இருவர், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துக்குப் போய், கலியாணம் கட்டப் போகிற பிள்ளைகளுக்கு மனம் விட்டுக் கதைப்பது எப்படி என்று பாடம் நடத்துவது கொஞ்சம் அதிசயம்தான். பிறிஜெற்றும் சவுந்தரநாயகமும் அதைத்தான் செய்துவந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோயில் பங்கின் திருமண ஆயத்த வகுப்பு அவர்கள் கையில் இருந்தது. ஐந்து சனிக்கிழமை வந்து, அவர்களிடம் பத்திரம் வாங்காமல் அந்தக் கோயிலில் ஒருவரும் மோதிரம் மாற்ற முடியாது. அவர்களிடம் படித்துக் கட்டியவர்களின் பிள்ளைகள் முதல் நன்மை எடுத்து, பள்ளிக்கூடமும் முடிக்கப் போகிறார்கள். பிறிஜெற் மீன் வாங்கப் போனாலும், முடக்கில் ஓட்டோவுக்கு நின்றாலும், யாராவது ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். "அன்ரி, உங்களையும் அங்கிளையும் மாதிரி இருக்கோணும் எண்டுதான் நாங்கள் செபிக்கிறனாங்கள்," என்பாள். பிறிஜெற்றும் சிரித்து, "ஆண்டவர் துணை இருப்பார் மகள்," என்பாள். பிறகு வீட்டுக்குப் போய் மீனைக் கழுவுவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். மகன் றொஹானுக்கு வேலை செய்த இடத்தில் நதீஷா என்ற சிங்களப் பிள்ளையோடு விருப்பம். பிள்ளை பௌத்தம். "ஊர்ப் பிள்ளையளுக்குக் கலியாணம் படிப்பிக்கிறவன்ர வீட்டில இது நடக்காது," என்று சவுந்தரநாயகம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். றொஹான் கல்கிசையில் பதிவாளரிடம் போய்க் கையெழுத்து வைக்க முடிவெடுத்தான். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தாயைக் கேட்டான். பிறிஜெற் பல்லுக்கு மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய், சாட்சிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். ஒளித்து வைக்க அவளால் முடியவில்லை. அன்று பின்னேரமே தானாக வாய் திறந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தவில்லை, கை நீட்டவில்லை. குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

ஒரு கிழமையில் சரியாகும் என்று பிறிஜெற் நினைத்தாள். பிறகு நத்தார்ப் பண்டிகை வரட்டும் என்று நினைத்தாள், பிறகு தவக்காலம் முடியட்டும் என்று. எதுவும் சரியாகவில்லை. அவருடைய சேர்ட் கதிரையில் கிடந்தால் அதை அயன் பண்ண வேண்டும். பிறஷர் குளிசை முடிந்தால் வெறும் மட்டை அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் இல்லை, அவள் அழுதால் ரீவியின் சத்தம் கூடும்.

வாசல் மணி அடித்தால் மட்டும் எல்லாம் மாறும். "பிறிஜெற், ஆர் வந்திருக்கினம் எண்டு பாரும்," என்று உள்ளேயிருந்து குரல் வரும். வந்தவர்களுக்கு முன்னால், "நீரும் கொஞ்சம் இரும், பிறிஜெற், காலமை தொடக்கம் நிண்டபடி நிக்கிறீர்," என்பார். வந்தவர்கள் படி இறங்கியதும் அது நின்றுபோகும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பிறிஜெற் அதற்காகவே ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்லும் அன்பியக் கூட்டம் இருக்கிறதே, யாருக்காவது வசதிப்படவில்லை என்றால், "எங்கட வீட்டில வைப்பம்," என்று முதலில் கை தூக்குகிறவள் அவள்தான். சனம் அவளுடைய பக்தியைப் புகழ்ந்தது.

றொஹான் ரெலிபோனில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டான். "அம்மா, இஞ்ச ஒரு அறை சும்மாதான் கிடக்கு. நதீஷாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறா. உடுப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ." கல்கிசை ஒன்றும் கடல் கடந்த தேசம் அல்ல, ஒரு பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஆனால் போய்விட்டு, சனிக்கிழமை என்ன சொல்வது? சனம் கெட்ட சனம் என்றால் உதறிவிட்டுப் போகலாம். இது நல்ல சனம். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு டெங்கு வந்தபோது கீழ் மாடிக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அவளுக்காக ஒன்பது நாள் செபம் வைத்தார்கள். சவுந்தரநாயகத்துக்கும் மூன்று நேரச் சாப்பாடு போனது. இப்படி அன்பு காட்டிய சனத்திடம் போய், நாங்கள் உங்களுக்குப் படிப்பித்ததில் ஒன்பது வருடம் பொய் என்று எந்த வாயால் சொல்வது? அந்த அன்புதான் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்தும் இருந்தது.

வகுப்பின் நாலாவது சனிக்கிழமைக்குக் கடித நாள் என்று பெயர். அன்று ஒவ்வொரு சோடியும் பத்து நிமிடம் தனித்தனியாக இருந்து, ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று காட்ட, முதலில் சவுந்தரநாயகம் பிறிஜெற்றுக்கு எழுதிய கடிதத்தை வாசிப்பார். பிறகு பிறிஜெற் அவருக்கு எழுதியதை வாசிப்பாள்.

இரண்டையும் எழுதுகிறவள் பிறிஜெற்தான். இது கதைக்காமல் போன பிறகு வந்த பழக்கம் அல்ல, முதல் வருடத்திலேயே தொடங்கியது. சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்கிற கிளாக். பிறிஜெற் ஒரு பாடசாலை அலுவலகத்தில் தமிழ் தட்டச்சு செய்தவள். "எனக்கு உந்த எழுத்து வேலை சரிவராது. நீர் எழுதித் தாரும், நான் வாசிக்கிறன்," என்றார் அவர். வாசிப்பு என்றால் அவரை அடிக்க அந்தப் பங்கில் ஆள் இல்லை. ஞாயிறு பூசையில் முதலாம் வாசகம் அவருடையது, அறிவித்தல்களும் அவருடையவை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முன்கூட்டிப் பார்க்காமல், ஓரிடத்திலும் தடக்காமல் வாசிப்பார். வீட்டிலிருந்து பழகிக்கொண்டு வருகிற வாசகர்களைப் பார்த்துச் சிரிப்பார். தொடங்கிய வாசகத்தை நடுவில் விட்டதும் இல்லை. ஒருமுறை பூசை நேரம் கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. அவர் புத்தகத்தை மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்து, கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஆகவே பிறிஜெற் பெரிய எழுத்தில் எழுதி, தாளை மடித்து, வகுப்பில் அவர் கையில் கொடுப்பாள். அவர் அங்கேயே விரித்து வாசிப்பார். "என் அன்பு பிறிஜெற்" என்று தொடங்கும். இந்த ஒன்பது வருடத்தில் அந்தக் கடிதங்கள் நீண்டுகொண்டே போயின. யாரும் தனக்குச் சொல்லாததையெல்லாம் அவள் அதில் எழுதினாள். உம்முடைய கை நோகிறதா என்று கேட்க வைத்தாள். மகனைப் பார்க்க இருவருமாகப் போவோம் என்று ஒருமுறை சொல்ல வைத்தாள். அந்தக் குரலில் அதைக் கேட்கும்போது, தானே எழுதியது என்று தெரிந்தும் அவள் ஒரு கணம் நம்பிவிடுவாள். பிள்ளைகள் கண்ணைத் துடைப்பார்கள்.

இந்த முறை வந்த ஆறு சோடிகளில் நிரோஷா என்று ஒரு பிள்ளை இருந்தாள். வெள்ளவத்தையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை றெஜி, நல்ல வாட்டசாட்டமான பெடியன், கோயில் பாடகர் குழுவில் இருப்பவன். மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து, மண்டபத்துக் குசினியில் பிறிஜெற் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, நிரோஷா வந்து துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டா? றெஜிக்குக் கோவம் வந்தா கதைக்க மாட்டார். போன மாசம் பதினொரு நாள். நான் என்ன பிழை விட்டனான் எண்டும் சொல்லேல்லை. பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி போன் எடுத்து, சாப்பிட்டியா எண்டு கேட்டார்."

பிறிஜெற்றின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

"அம்மா சொல்லுறா, அடிக்கிறவனை விட இது எவ்வளவோ மேல் எண்டு. கலியாணம் முடிஞ்சாச் சரியாகிடும் எண்டுதான் எல்லாரும் சொல்லீனம். நீங்கள் சொல்லுங்கோ அன்ரி. நீங்கள் சொன்னா நான் நம்புவன். சரியாகுமா?"

வாசலில் சவுந்தரநாயகம் கதிரை அடுக்கிக்கொண்டு, றெஜியோடு பகிடி விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிப்போயிருந்த பதில் தானாக வெளியே வந்தது. "செபியுங்கோ மகள். கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்கோ. சரியாகும்."

நிரோஷா பெரிதாக மூச்சு விட்டுச் சிரித்தாள். பிறிஜெற்றுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

மறுநாள் பூசையில் ஓலை வாசித்தார்கள். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளையின் பெயரைச் சபையில் அறிவிக்கிற முறை அது. நிரோஷாவுக்கும் றெஜிக்கும் அன்று இரண்டாம் ஓலை. வாசித்தவர் சவுந்தரநாயகம். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்," என்று அந்தக் குரல் கோயில் முழுவதும் நிறைந்தது. எத்தனையோ நூறு தடவை கேட்ட வசனம். அன்று பிறிஜெற் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு ஓலைதான் மிச்சம்.

புதன்கிழமை பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று காலி வீதி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். கடைக்குள் காலடி வைத்ததும் நிரோஷா ஓடிவந்தாள். "நபீஸ் நானா, இவதான் நான் சொன்ன பிறிஜெற் அன்ரி. எங்கட கோயிலில கலியாணத்துக்குப் படிப்பிக்கிறவ," என்று முதலாளியிடம் அறிமுகம் செய்தாள். நபீஸ் எழும்பி நின்று மரியாதை செய்தார், பிளேன்ரீ வரவழைத்தார். நிரோஷா மேசை லாச்சிக்குள் இருந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினாள். "நீங்கள் சொன்ன பிறகுதான் அன்ரி எனக்கு நித்திரை வந்தது," என்றாள். பிறிஜெற் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, கண்ணாடிக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே மூன்று பெட்டி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சவுந்தரநாயகம் நடக்கப் போன நேரம், வழமைபோல் மேசையில் தாளை வைத்துக்கொண்டு அவருடைய கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். "என் அன்பு பிறிஜெற்" என்று எழுதினாள். அதற்கு மேல் பொய் எழுத வரவில்லை. தன் வாயால் சொல்லத் துணிவில்லாதவளுக்கு, அவருடைய வாய் இருபத்திரண்டு வருடமாகக் கைக்குள் இருந்தது அப்போதுதான் உறைத்தது. ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். தன் பங்குக் கடிதத்தை எழுதவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் ஆறு சோடியும் அரை வட்டமாக இருந்தார்கள். அன்று பங்குப் பாதரும் வந்து பின்வரிசையில் இருந்தார். பிறிஜெற் மடித்த தாளை நீட்டினாள். சவுந்தரநாயகம் கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, தாளை விரித்தார்.

"என் அன்பு பிறிஜெற், நான் வீட்டுக்குள் உம்மோடு கதைத்து ஒன்பது வருடம்."

வசனம் முடிந்த பிறகுதான் தான் வாசித்தது என்னவென்று அவருக்கு விளங்கியது. தாளுக்கு மேலால் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் பாதரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்துவார் என்று பிறிஜெற் பயந்தாள். நிறுத்தத் தெரியாத மனிதர் அவர். குரல் ஒரு மயிரிழையும் தளராமல் தொடர்ந்தது.

"நீர் சமைப்பதைச் சாப்பிடுகிறேன். நீர் கழுவியதை உடுத்துகிறேன். வாசல் மணி அடித்தால் மட்டும் உம்முடைய பெயரைச் சொல்கிறேன். உமக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்களோடு கதைத்தேன். அவர்கள் போனதும் பேப்பரை விரித்தேன். நான் என்ன செய்தால் கதைப்பீர்கள் என்று நீர் கேட்டீர். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இது ஒன்பது வருடத்துக்கு முன் தொடங்கியது என்று நீர் நினைக்கிறீர். இல்லை. எங்களுக்குப் பேச்சுக்கால் முடிந்து, கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க, நான் நாலு நாள் உம்மோடு கதைக்காமல் இருந்தேன். நீர் அதைப் பொறுத்துக்கொண்டீர். கலியாணம் முடிந்தால் சரியாகும் என்று எல்லாரும் உமக்குச் சொன்னார்கள். உம்மிடம் இது செல்லும் என்று நான் அன்றைக்கே கண்டுகொண்டேன். இப்படிக்கு, உமது கணவர்."

அவர் தாளை மடித்தார். பிறகு பின்வரிசையில் பாதர் கை தட்டினார்.

"மெத்த நல்லது," என்றார். "வழமையா ஒரு நல்ல கடிதத்தைக் காட்டுவீங்கள். இந்த முறை ஒரு மோசமான கடிதத்தைக் காட்டிப் படிப்பிக்கிறீங்கள். எனக்கே மயிர் கூச்செறிஞ்சு போச்சுது. பிள்ளையள், உண்மையில இப்பிடியும் வீடுகள் இருக்குது."

சவுந்தரநாயகத்துக்கு மூச்சு வந்தது. "ஓம் பாதர்," என்றார் சிரித்துக்கொண்டு. "எந்த நாளும் நல்லதையே சொல்லுறம், ஒருக்கா மற்றப் பக்கத்தையும் காட்டுவம் எண்டு பிறிஜெற்தான் யோசிச்சவ." கையை எடுத்து அவளுடைய தோளில் வைத்தார். பிள்ளைகளும் சிரித்துக் கை தட்டினார்கள். றெஜிதான் பலமாகத் தட்டினான். ஒருத்தி, "அங்கிள், நான் உண்மை எண்டு பயந்திட்டன்," என்றாள்.

இவ்வளவு காலம் சேர்த்து வைத்த உண்மையை எடுத்து வெளியே வைத்தால், சனம் அதற்கும் கை தட்டிவிட்டது. பிறிஜெற்றுக்கு அழ வேண்டும் போல இருந்தது. தோளில் இருந்த கை பாரமாக இருந்தது.

"இனி அன்ரியின்ர கடிதம்," என்றார் பாதர்.

"என்னட்ட இல்லை, பாதர்," என்றாள் பிறிஜெற். "இந்த முறை நான் எழுதேல்லை."

நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. வகுப்பு முடிந்து குசினிக்கு வந்தாள். துணியை எடுக்கவில்லை, கதவை மட்டும் சாத்தினாள்.

"அன்ரி, அது படிப்பிக்கிறதுக்கு எழுதினதா?"

பிறிஜெற் தண்ணீர்க் குழாயை மூடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் கதிரைகள் அடுக்கப்படும் சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லை மகள்," என்றாள். "அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னதுதான் பொய்."

மறுநாள் பூசை முடிவில் சவுந்தரநாயகம் ஓலை வாசிக்க ஏறினார். இரண்டு சோடிகளின் பெயரை வாசித்தார். பிறகு தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நிரோஷாவின் பெயர் அங்கேயும் இல்லை. அவர் வாசிப்பில் அப்படி ஒரு இடைவெளி விழுந்ததை அந்தச் சபை கேட்டதில்லை. நாலாம் வாங்கில், தாய்க்குப் பக்கத்தில் இருந்த நிரோஷா நிமிர்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கை லேஞ்சியால் முகத்தை மூடியிருந்தாள். இறங்கி வரும்போது சவுந்தரநாயகம் பிறிஜெற் இருந்த பக்கம் பார்க்கவில்லை. வாசலில் பத்துப் பேர் அவளுடைய கையைப் பிடித்து, நேற்றைய வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், அடுத்த முறையும் அப்படியே செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பிறிஜெற் இடியப்பத்தையும் சொதியையும் மேசையில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்று சொன்னார்.

"இனிமேல் கடிதம் ரெண்டையும் நான்தான் எழுதுவன். உம்மட பங்கை நீர் வாசிச்சாப் போதும்."

பிறிஜெற் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் வந்திருக்கவில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது. ஒன்பது வருடம் அவள் மண்டியிட்டுக் கேட்ட சொல், ஒருவரும் இல்லாத வீட்டில், அவளுக்கென்றே சொல்லப்பட்டுவிட்டது.

அந்தப் பிள்ளை தப்பிவிட்டாள், அது போதும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். இனித் தன் வாய் அவர் கைக்குள் போய்விடும் என்ற பயம் போகவில்லை.

"நான் வாசிக்காட்டி?" என்று கேட்டாள்.

அவர் ரீவியைப் போட்டார்.